ராய்க்குப் போர்த்திய பொன்னாடை

1

நாங்கள் இங்கிலாந்துக்கு வந்து இந்த மார்ச்சோடு பத்து வருடம். எனக்கு அது நினைவில் இல்லை. தோசைக்கல்லைத் தேய்த்துக்கொண்டே மல்லிகாதான் சொன்னாள்.

"பத்து வருசம் ஆயிடிச்சிங்க. ரெண்டே வருசம், போயிட்டு வந்துடலாம்னு சொல்லித்தான் கம்மாபுரத்துல எங்கப்பாகிட்ட பேசினீங்க."

"ஞாபகம் இருக்குது."

"ஞாபகம் இருந்து என்ன பண்றது" என்றாள். கோபமெல்லாம் இல்லை, வருடாவருடம் சொல்வதுதான். குளிர்காலம் முடியப்போகிறது என்பதற்கு இங்கே அதுவும் ஓர் அடையாளம்.

ஊரிலிருந்து போன் செய்கிறவர்கள் குளிர் எப்படி இருக்கிறது, பொன்னி அரிசி கிடைக்கிறதா, எப்போது வருகிறீர்கள் என்று கேட்கிறார்கள். அந்தக் கேள்விகளுக்கெல்லாம் பதில் சொல்லி எனக்கே அலுத்துவிட்டது. அதனால் இந்தத் தடவை யாரும் கேட்காத ஒன்றை எழுதுகிறேன். இந்தக் குளிர்காலம் முழுக்க எங்கள் சின்ன ஊரில் எல்லோரும் ஒரே விஷயத்தைத்தான் பேசினார்கள். கால்பந்து அணியின் மேனேஜர் ராய் இருக்க வேண்டுமா, போக வேண்டுமா? அந்தக் கேள்விக்குக் கிடைத்த விடையில் விருத்தாசலத்துக்கும் ஒரு பங்கு உண்டு. அது நல்ல பங்குதானா என்பதை நீங்கள் படித்துவிட்டுச் சொல்லுங்கள்.

2

நான் விருத்தாசலத்தில் செராமிக் டிப்ளமா படித்து, அங்கேயே தொழிற்பேட்டையில், மீட்டர் பெட்டிக்குப் போகிற வெள்ளைப் பீங்கான் பியூஸ் கேரியர் செய்யும் ஒரு யூனிட்டில் சூளையைப் பார்த்துக்கொண்டிருந்தவன். இங்கே கோப்பையும் தட்டும் செய்கிற தொழிற்சாலையில் அதே சூளை வேலை. சூடு ஏறுவதும் ஆறுவதும் இரண்டு ஊரிலும் ஒன்றுதான். சூளையை விட்டு வெளியே வந்தால்தான் எல்லாமே வேறு.

கால்பந்து மேனேஜர் என்றால் ஆபீஸ் மேனேஜர் இல்லை. மேனேஜரும் நானும் சினேகிதம் என்று ஒருமுறை போனில் சொன்னதும் மல்லிகாவின் அண்ணன் பாலு மச்சான், "அப்ப அடுத்த மாசம் பிரமோஷன்தான் மாப்ள" என்றார். யார் விளையாடுவது, யார் உட்காருவது, எப்படி ஆடுவது என்று தீர்மானித்து, தோற்றால் ஊராரிடம் திட்டு வாங்குகிற வேலை அது என்று விளக்கினேன். "அதுக்கு சும்மாவே இருக்கலாமே" என்றார்.

எங்கள் கிளப் டிவியில் வருகிற கிளப் இல்லை. தபால்காரர், கறிக்கடைக்காரர், கூரை வேலை செய்கிற அண்ணன் தம்பி இருவர் எல்லோரும் சனிக்கிழமை ஆனால் நீலச்சட்டை போட்டுக்கொண்டு இறங்குவார்கள். மைதானத்தைச் சுற்றி ஓர் இரும்புக் கம்பித் தடுப்பு உண்டு. ஓர் இடத்தில் அது வளைந்திருக்கும். அந்த வளைவில் முழங்கையை ஊன்றிக்கொண்டுதான் ராய் இருபது வருடத்துக்கு மேலாக அணியை நடத்தினார். பிழைப்புக்குக் குழாய் ரிப்பேர். மனைவி இறந்து சில வருடம் ஆகிறது, பிள்ளைகள் இல்லை. வாரத்தில் மற்ற நாட்களெல்லாம் அவருக்குச் சனிக்கிழமைக்குப் போகிற வழி.

என் பையன் இனியனுக்கு வந்த புதிதில் பாஷை தெரியாது. தடுப்புக்கு வெளியே நின்று பார்த்துக்கொண்டிருந்தவனிடம் ராய் பந்தைத் தட்டிவிட்டுப் பெயர் கேட்டார். பெயர் வாயில் நுழையவில்லை. மறுவாரமும் கேட்டார், அதற்கு மறுவாரமும் கேட்டார். ஒரு மாதத்தில் சரியாகச் சொன்னார். பள்ளிக்கூடத்தில் வாத்தியார்கள் முதல் நாளே அவனை இயன் என்று இங்கிலீஷ்காரன் ஆக்கிவிட்டார்கள். அவனும் அதற்கே திரும்பிப் பார்க்கப் பழகிவிட்டான். இன்று எங்கள் வீட்டில் நாங்கள் தமிழில் கேட்போம், அவன் ஆங்கிலத்தில் பதில் சொல்வான். குழம்பு, ரசம் மட்டும் தமிழில் மிச்சம். இந்த நாட்டில் அவனை முழுப்பெயர் சொல்லிக் கூப்பிடுகிறவர்கள் நான், மல்லிகா, ராய். வேறு யாருமில்லை.

அதனால்தான் போன நவம்பரிலிருந்து அணி தோற்கத் தொடங்கியபோது ஒவ்வொரு தோல்வியையும் நான் எண்ணிக்கொண்டிருந்தேன். முடிவெட்டும் கடையிலும் தொழிற்சாலை கேன்டீனிலும் ஒரே பேச்சு. "அவர் காலம் முடிந்தது" என்று சிலர். "இத்தனை வருடம் செய்தவரை எப்படி அனுப்புவது" என்று சிலர். போகட்டும் என்றவர்கள் அவர் முகத்துக்கு நேராகவே சொன்னார்கள். இருக்கட்டும் என்றவர்கள் அவரைப் பார்த்ததும் வானிலையைப் பற்றிப் பேசினார்கள். கடைசியில் கமிட்டி கூடிக் கை தூக்கி முடிவெடுப்பது என்று தலைவர் கிரஹாம் அறிவித்தார். மைதானத்துக்கு வெள்ளைக் கோடு போடுகிறவன் என்ற முறையில் நானும் கமிட்டியில் ஓர் ஆள்.

3

இந்தக் கதையை நான் ஏற்கெனவே ஒருமுறை பார்த்திருக்கிறேன்.

விருத்தாசலம் தொழிற்பேட்டையில் எங்களுக்கு ஒரு புட்பால் டீம் இருந்தது. நான் ரைட் பேக். டீமை நடத்தியவர் மங்கலம்பேட்டை காசிம் பாய். தொழிற்பேட்டை வாசலில் டயர் கடை வைத்திருந்தார். கால்பந்து ஆடியவர் இல்லை. ஆனால் சேத்தியாத்தோப்பு வரை எங்களை வேனில் ஏற்றிப்போய், தோற்றாலும் பரோட்டா வாங்கித் தந்து கூட்டிவருவார். ஒரு வருடம் வரிசையாகத் தோற்றோம். பாயை மாற்றிவிட்டு வேறு ஆளைப் போடலாம் என்று ஒரு கூட்டம் கிளம்பியது.

நாங்கள் நாலு பேர் யோசித்தோம். யாருடனும் சண்டை போடவில்லை. பாய்க்கு ஒரு பாராட்டு விழா நடத்தினோம். மேடை, மைக், பொன்னாடை. அவரை மாற்ற வேண்டும் என்று சொல்லிக்கொண்டிருந்தவரையே அழைத்து முதல் பொன்னாடையைப் போர்த்த வைத்தோம். ஊரார் பார்க்கப் பொன்னாடை போர்த்திய கையால் மறுவாரம் எப்படி அவரை வெளியே தள்ளுவது? மறுநாள் காலை பேட்டை எதிரே இருந்த டீக்கடை பெஞ்சில், அவர் எப்போதும் உட்காருகிற முனையில் யாரும் உட்காரவில்லை. பாய் வந்தார், உட்கார்ந்தார், "இன்னிக்கி பிராக்டீஸ் இருக்குது, எல்லாரும் வந்துடுங்கப்பா" என்றார். அதோடு பேச்சு முடிந்தது. நான் விமானம் ஏறும்வரை அவர்தான் மேனேஜர்.

இங்கேயும் அது நடக்கும் என்று நான் நம்பியதற்கு இன்னொரு காரணமும் உண்டு. போன வருடம் எங்களுக்குக் குடியுரிமை கிடைத்தது. அதற்கு முன் கேட்ட தாள்களையும் வைத்த கைரேகைகளையும் சொன்னால் தனியாக ஒரு கட்டுரை ஆகும். மல்லிகாவின் பெயருக்குப் பின்னால் எந்தப் பெயரை வைப்பது என்பதிலேயே இரண்டு வருடம் போயிற்று. கடைசியில் நகர மண்டபத்தில் கழுத்துச் சங்கிலி போட்ட மேயர் கை குலுக்கி, ஊர்ச் சின்னம் போட்ட ஒரு கோப்பையை நினைவுப் பரிசாகத் தந்தார். எங்கள் தொழிற்சாலைக் கோப்பை. நான் சுட்டதாகவே இருக்கும். என்னை இங்கேயே இருக்கச் சொல்லித்தானே அதைக் கொடுத்தார்கள்? ஆகவே இந்த நாட்டிலும் ஒருவரை இருத்திக்கொள்ள நினைவுப் பரிசுதான் கொடுப்பார்கள் என்று நான் முடிவுக்கு வந்தேன். இதில் என்ன தப்பு என்று இன்றுவரை எனக்குத் தெரியவில்லை.

மல்லிகாவுக்கு மட்டும் சம்மதமில்லை. "நேரா போயி, நீங்க இருங்கன்னு ஒரு வார்த்தை சொல்லிட்டு வாங்களேன்."

"அப்படியெல்லாம் சொல்லக்கூடாது. அவரு பதவிக்கு ஆபத்துன்னு நாமளே சொன்ன மாதிரி ஆயிடும்."

"ஆபத்துன்னு ஊருக்கே தெரியுது. அவருக்குத் தெரியாதாக்கும்."

4

பாலு மச்சான் விருத்தாசலம் பேட்டையில் ஒரு யூனிட்டில் பீங்கான் பொம்மை செய்கிறார். போனில் சொன்னதும் உற்சாகமாகிவிட்டார்.

"பீங்கான்ல ஒரு பந்து, கீழ ஸ்டாண்டு, அதுல பேரு. ஜோரா பண்ணிடலாம் மாப்ள. பொன்னாடையும் நம்ம கடைவீதியிலயே எடுத்து வெக்கிறேன். என்னா கலரு?"

"எதா இருந்தாலும் பரவாயில்ல மச்சான். நல்லதா எடுங்க."

கலரை அவர் இஷ்டத்துக்கு விட்டிருக்கக் கூடாது, அது பிறகுதான் தெரிந்தது. பார்சல் சுங்கத்தில் நின்றது. ஒரு பெண் போனில் கூப்பிட்டு, இந்தத் துணி எதற்கு என்று கேட்டார். ஒருவரைக் கௌரவிக்கத் தோளில் போர்த்துவோம் என்றேன். அவர் அதை உடுத்திக்கொள்வாரா என்றார். உடுத்த மாட்டார், பீரோவில் வைத்துவிடுவார் என்றேன். அப்படியானால் இது ஆடையா, அலங்காரப் பொருளா என்றார். நாற்பது வயதுக்கு மேல் எனக்கு வந்த நியாயமான கேள்விகளில் அது ஒன்று. அலங்காரம் என்று எழுதிக்கொள்ளச் சொன்னேன்.

பெட்டியைப் பிரித்தோம். பந்து அழகாக இருந்தது, வைக்கோலுக்குள் ஒரு கீறல் இல்லாமல் வந்திருந்தது. ஸ்டாண்டில் ராயின் பெயரும், அதன் கீழே அவர் பொறுப்பேற்ற வருடமும், ஒரு சின்னக் கோடும், நடப்பு வருடமும் இருந்தன. வருடம் போடச் சொல்லி நான் கேட்கவில்லை. "பேரு மட்டும்னா மொட்டையா இருந்துச்சி மாப்ள, அதான் வருசத்தப் போட்டு நெரப்பிட்டேன்" என்றார் மச்சான். நம் ஊரில் எந்தக் கேடயத்தில் இல்லை அந்தக் கோடு? எனக்கும் அது பார்வைக்கு நன்றாகத்தான் பட்டது. பொன்னாடை மட்டும் நல்ல மஞ்சள், ஜரிகைக் கரையோடு. மஞ்சள் பக்கத்து ஊர் அணியின் நிறம். அவர்களோடுதான் எங்களுக்குத் தலைமுறைப் பகை.

"கண்ணுக்கு நல்லாதான் இருக்குது, போத்துங்க" என்றாள் மல்லிகா.

5

கமிட்டி கூடுவதற்கு முந்தின ஞாயிறு மதியம் கிளப் ஹாலில் விழா. மல்லிகா முறுக்கு சுட்டாள். ஆட்டக்காரர்கள், கமிட்டிக்காரர்கள், முடிவெட்டும் கடைக்காரர் எல்லோரும் வந்துவிட்டார்கள். ராய் கோட்டுப் போட்டு வந்திருந்தார். அவரை அதற்கு முன் கோட்டில் பார்த்தது அவர் மனைவியின் இறுதிச் சடங்கில்தான். அப்போதாவது எனக்கு உறைத்திருக்க வேண்டும்.

ஊர் வழக்கப்படி முதல் மரியாதையைத் தலைவர் கிரஹாமை விட்டுச் செய்ய வைத்தேன். அவர் பொன்னாடையை மேஜைவிரிப்பைப் பிடிப்பதுபோல் பிடித்து ராயின் தோளில் போர்த்தினார். பிறகு நான் பேசினேன். காசிம் பாய்க்கு அன்று பேசியதையே ஆங்கிலத்தில் சொன்னேன். நீங்கள் இந்த ஊருக்குச் செய்ததை யாரும் மறக்க மாட்டோம். உங்கள் பெயர் என்றும் நிலைத்து நிற்கும். நீண்ட ஆயுளோடும் நல்ல உடம்போடும் நீங்கள் வாழ வேண்டும். இவ்வளவும் சொல்லிவிட்டுப் பீங்கான் பந்தைக் கையில் கொடுத்தேன்.

ராய் ஸ்டாண்டில் இருந்ததைப் படித்தார். பெயரைப் படித்தார், வருடத்தைப் படித்தார். அந்தக் கோட்டின் மேல் கட்டைவிரலை வைத்துத் தேய்த்தார். பிறகு பேசினார்.

"இதைவிட மரியாதையாக யாரும் இதைச் சொல்லியிருக்க முடியாது. எனக்குப் புரிகிறது. அடுத்து வருகிறவருக்கு என் வாழ்த்து."

கோட்டுப் பையிலிருந்து உடை மாற்றும் அறையின் சாவியை எடுத்து கிரஹாம் முன்னால் வைத்தார்.

யாரோ கை தட்டினார்கள். எல்லோரும் எழுந்து நின்று தட்டினார்கள். போகட்டும் என்றவர்கள் நிம்மதியாகத் தட்டினார்கள். இருக்கட்டும் என்றவர்கள், அவராகவே முடிவு செய்துவிட்டார்போல, நமக்குத்தான் சொல்லவில்லை என்று நினைத்துத் தட்டினார்கள். இதைப் பிறகு அவர்களே என்னிடம் சொன்னார்கள். என் பக்கத்தில் முறுக்குத் தட்டோடு நின்ற இனியன் என் சட்டையை இழுத்தான்.

"அப்பா, அவரு போறேங்கறாருப்பா. நிறுத்தச் சொல்லுங்கப்பா."

வெளியிடத்தில் அவன் தமிழ் பேசி நான் கேட்டு வருடக்கணக்காகிறது. அந்த அதிர்ச்சியில் ஒரு நொடி அவனைத்தான் பார்த்தேன். பிறகும் நான் வாயைத் திறக்கவில்லை. பொன்னாடையோடு நின்று கண் கலங்கிப் பேசுகிற மூத்தவரை இடைமறித்து, ஐயா நீங்கள் தப்பாகப் புரிந்துகொண்டீர்கள் என்று நம் ஊரில் யார் சொல்வார்கள்? இந்த ஊர்க்காரர்களும் சொல்ல மாட்டார்கள். எங்கள் மரியாதையும் அவர்கள் மரியாதையும் ஒன்றாகச் சேர்ந்து ஒரு மனிதரை வேலையைவிட்டு அனுப்பிவைத்தன. நானும் கை தட்டினேன்.

6

ஆனாலும் கமிட்டி கூடியது. பேச வேண்டிய விஷயமே முடிந்துவிட்டதால் டீ குடித்துவிட்டுக் கலைந்தோம். கார் நிறுத்துமிடத்தில் கிரஹாம் என்னிடம் சொன்னார். "அருமையான யோசனை உன்னுடையது. ஒன்று சொல்லட்டுமா, கை தூக்கச் சொல்லியிருந்தால் அவர் இருந்திருப்பார். நான் எல்லோரிடமும் பேசிப் பார்த்து வைத்திருந்தேன்."

வீட்டுக்கு வந்து மல்லிகாவிடம் சொன்னேன். அவள் திட்டவில்லை. மிச்சமிருந்த முறுக்கை ஒரு டப்பாவில் போட்டு என் கையில் கொடுத்தாள்.

"போங்க. சுத்தி வளைக்காம சொல்லுங்க."

ராயின் வீட்டில் கணப்புக்கு மேலே மனைவியின் படம், பக்கத்தில் பீங்கான் பந்து. பொன்னாடையை மடித்து அவள் நாற்காலியின் முதுகில் போட்டிருந்தார். நான் உட்காரக்கூட இல்லை. காசிம் பாய், டயர் கடை, மேயர் கொடுத்த கோப்பை, மச்சான் நிரப்பிய வருடம் எல்லாவற்றையும் சொன்னேன். உங்களை அனுப்ப அல்ல, இருத்திக்கொள்ளத்தான் இத்தனையும் செய்தேன் என்றேன்.

ராய் கணப்புக்கு மேலிருந்த பந்தைத் திரும்பிப் பார்த்தார். பிறகு சிரிக்க ஆரம்பித்தார். இருமல் வந்து, கண்ணைத் துடைத்து, மறுபடி சிரித்தார்.

"எங்கள் ஊரில் அந்தக் கோட்டைக் கல்லறையில்தான் போடுவார்கள்" என்றார்.

"ராய், நீங்கள் இருங்கள்" என்றேன். பத்து வருடத்தில் நான் பேசிய ஆங்கிலத்திலேயே இதுதான் சின்ன வாக்கியம்.

அவர் சிரிப்பு நின்றது. "இதை யாராவது நவம்பரில் சொல்லியிருந்தால் இருந்திருப்பேன். போ என்றவர்கள் வந்து சொன்னார்கள். இரு என்று ஒருவர்கூடச் சொல்லவில்லை. நீதான் முதல் ஆள்."

"இப்போது சொல்கிறேனே."

"இந்த வட்டாரத்தில் எனக்குத் தெரிந்த மேனேஜர் யாரும் நல்லபடி போனதில்லை. ஒருவனுக்குப் போனில் சொன்னார்கள். இன்னொருவன் பேப்பரில் படித்துத் தெரிந்துகொண்டான். எனக்கு எல்லோரும் எழுந்து நின்றார்கள். அதைப் போய் நான் திருப்பிக் கொடுப்பேனா?" டப்பாவைத் திறந்து ஒரு முறுக்கை எடுத்தார். "வருத்தம் இல்லை என்று பொய் சொல்ல மாட்டேன். ஆனால் இப்படியே இருக்கட்டும்."

டீ போட்டார். குடித்துக்கொண்டிருக்கும்போது திடீரென்று கேட்டார்.

"உங்கள் ஊரில் ஒருவரை நிஜமாகவே அனுப்ப வேண்டும் என்றால் என்ன செய்வீர்கள்?"

நான் யோசித்துப் பார்த்தேன். "அதற்கும் பொன்னாடைதான்."

"அப்படியானால் அந்த ஆளுக்கு எப்படித் தெரியும்?"

இதை யாரும் என்னிடம் கேட்டதில்லை. நானும் யோசித்ததில்லை. டீக்கடை பெஞ்சு ஞாபகம் வந்தது. "மறுநாள் வழக்கமான இடத்துக்குப் போவார். அவர் இடத்தில் வேறு யாராவது உட்கார்ந்திருந்தால் அவரை அனுப்பியாயிற்று. காலியாக வைத்திருந்தால் அவர் வேண்டும்."

ராய் தலையாட்டிக்கொண்டு அடுத்த முறுக்கை எடுத்தார். பிறகு நாங்கள் வானிலையைப் பற்றிப் பேசினோம்.

7

புது மேனேஜர் பக்கத்துப் பள்ளியின் உடற்பயிற்சி ஆசிரியர், நல்ல பையன். மாற்று ஆட்டக்காரர்கள் உட்காருகிற பெஞ்சுக்கு அந்தப் பக்கம் நின்று அட்டையில் படம் வரைந்து காட்டுகிறார். முதல் சனிக்கிழமை ஆட்டத்துக்குக் கூட்டம் அதிகம். நான் மைதானத்தை முடித்துவிட்டுக் கோடு போடும் வண்டியை ஓரம் கட்டும்போது தடுப்பு நெடுக ஆட்கள் தோளோடு தோள் நின்றிருந்தார்கள்.

கம்பி வளைந்திருக்கிற இடம் மட்டும் காலியாக இருந்தது.

ராயிடம் சொன்ன டீக்கடை பெஞ்சு கதையை நான் ஊரில் வேறு யாரிடமும் சொல்லவில்லை. வீட்டில் மல்லிகாவிடம் மட்டும் சொன்னேன், தமிழில், சாப்பிட்டுக்கொண்டே. இனியன் எதிரே உட்கார்ந்து ரசத்தை உறிஞ்சிக்கொண்டிருந்தான். அவன் கேட்கிறான் என்றே எனக்குத் தோன்றவில்லை.

ஆட்டம் தொடங்கியது. பக்கத்து ஊர்க்காரர் ஒருவர் இடம் தேடிக்கொண்டு வந்து அந்த வளைவில் கை ஊன்றப் போனார். தொட்டடுத்து நின்ற இனியன் அவரை மரியாதையாகத் தடுத்தான். இங்கே ஓர் ஆள் வருவார் என்று ஆங்கிலத்தில் சொன்னான். அந்த மனிதர் தோளைக் குலுக்கிக்கொண்டு நகர்ந்தார்.

முதல் பாதி முடியப் போகும்போது வாசலில் மஞ்சள் தெரிந்தது. ராய். குளிருக்குப் பொன்னாடையைக் கழுத்தில் சுற்றியிருந்தார், ஜரிகைக் கரை மார்பில் தொங்கியது. விரோதி ஊரின் நிறத்தில் எங்கள் மைதானத்துக்குள் ஒருவர் நடந்து வருகிறார், ஒருவரும் ஒன்றும் சொல்லவில்லை. தூரத்திலிருந்தே அவர் அந்த வளைவைப் பார்த்துவிட்டார். ஒரு கணம் நின்றார். பிறகு நேராக வந்து, முழங்கையை ஊன்றி, மூக்கை உறிஞ்சிக்கொண்டார்.

"இனியன், எத்தனைக்கு எத்தனை?" என்று கேட்டார்.

தோற்றுக்கொண்டிருந்தோம். அவன் சொன்னான்.